வளைவது எப்போது, முறிவது எப்போது: உலோகங்கள் சுமை தாங்கும் விதம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலை, கல்லாற்றைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி சுமார் 1,100 மீட்டர். இந்தச் சாலையில் ஏறி இறங்கும் ஒரு பேருந்தின் அடிப்பகுதியை மட்டும் பார்த்தால் போதும், உலோகங்கள் படும் பாடு அத்தனையும் அங்கே இருக்கிறது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு முறுக்கப்படுகிறது. பட்டை ஸ்பிரிங்குகள் பள்ளத்துக்குப் பள்ளம் வளைந்து நிமிர்கின்றன. போல்ட்டுகளைத் தகடுகள் இருபுறமிருந்தும் கத்தரிபோல நறுக்கப் பார்க்கின்றன. இறங்கும்போது பிரேக் டிரம் கொதிக்கிறது, மழைத் தண்ணீர் பட்டதும் சட்டென்று குளிர்கிறது.

எல்லாமே எஃகும் வார்ப்பிரும்பும்தான். ஆனாலும் ஒவ்வொன்றும் தோற்கும் விதம் வேறு. அதனால்தான் “இந்த இரும்பு எவ்வளவு பலம்?” என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. எந்த வகைச் சுமை, எந்தத் திசையில், எத்தனை முறை, எந்தச் சூட்டில், எவ்வளவு வேகத்தில், எந்தக் காற்றில் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். கடந்த இருநூறு ஆண்டு உலோக ஆராய்ச்சியின் வரலாறு, ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு இந்தப் பட்டியலில் ஒரு கேள்வி கூடிய வரலாறு.

கல்லாற்றுப் பக்கத்திலிருந்து இதைப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கீழே வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையமும் விண்வெளிக் கல்லூரியும் இருக்கின்றன. கடலோரத்தில் தும்பா ராக்கெட் ஏவுதளம். வடக்கே போனால் புனலூர்த் தொங்குபாலமும் ஆறன்முளைக் கண்ணாடியும். இதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணியின் கரையில் ஆதிச்சநல்லூர்த் தொல்லியல் களம். இரும்பையும் வெண்கலத்தையும் இவ்வளவு வகையாகச் சோதித்துப் பார்த்த நிலப்பரப்பு வேறெங்கும் எளிதில் அமையாது.

இழுத்துப் பார்த்தல்

எல்லாப் பாடப் புத்தகங்களும் இழுவையிலிருந்தே தொடங்குகின்றன. ஒரு கம்பியின் இரு முனைகளையும் பிடித்து இழுக்கிறோம். பரப்புக்கு இவ்வளவு விசை என்பது தகைவு. நீளத்துக்கு இவ்வளவு நீட்சி என்பது திரிபு. முதலில் இரண்டும் ஒன்றோடொன்று சீராக ஏறுகின்றன. ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி அது. விசையை எடுத்தால் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். இந்தக் கட்டத்தின் விறைப்பை அளப்பது யங் குணகம். எஃகுக்குச் சுமார் 200 கிகாபாஸ்கல், டைட்டானியத்துக்கு 110, அலுமினியத்துக்கு 70. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வேலிக்குக் கட்டும் மெல்லிரும்புக் கம்பிக்கும் ராக்கெட்டுக்கான உயர்ரக எஃகுக்கும் இந்த எண் ஏறக்குறைய ஒன்றே. விறைப்பு என்பது அணுக்களுக்கு இடையிலான பிணைப்பைப் பொறுத்தது. கொல்லன் உலையில் செய்யும் எந்த வித்தையும் அதைப் பெரிதாக மாற்றாது. அவன் மாற்றுவது அடுத்த கட்டத்தை.

அடுத்த கட்டம் நெகிழ் எல்லை. அதைத் தாண்டினால் கம்பி நிரந்தரமாக நீள்கிறது. விசையை விட்டாலும் முழுதாகத் திரும்பாது. இன்னும் இழுத்தால் உலோகம் கடினப்பட்டுக்கொண்டே நீளும், பிறகு ஓரிடத்தில் கழுத்துபோல் ஒடுங்கி அறும். வீடு கட்டுபவர்கள் கடையில் கேட்கும் “500 கிரேடு” என்பது இந்த நெகிழ் எல்லையைத்தான்: ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன். இந்தியத் தர நிர்ணயத்தில் அதே 500க்கு “டி” என்ற எழுத்து சேர்ந்த ஒரு வகையும் இருக்கிறது. சாதாரண 500 கம்பி அறுவதற்கு முன் குறைந்தது 14.5 சதம் நீள வேண்டும். 500டி கம்பி 16 சதம். கூடுதலாக இருப்பது ஒன்றரை சதம்தான். ஆனால் நிலநடுக்கத்தில் ஒரு தூண் விரிசல்விட்டும் விழாமல் நிற்பதற்கு இந்த நீட்சியே துணை. நிலம் ஆட்டும் ஆற்றலைக் கம்பி தன் உருக்குலைவில் வாங்கிக்கொள்கிறது. கடைக்குப் போகிறவர்கள் கிரேடு எண்ணை மட்டும் கேட்டுத் திரும்புவது எனக்கு வருத்தம் தருகிறது. பலத்தைவிட நீட்சிதான் குடும்பத்தைக் காப்பது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இழுவையை மட்டும் தாங்கும் அமைப்பின் அருமை புனலூரில் தெரியும். கல்லடையாற்றின் மேல் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் 1877இல் கட்டிமுடித்த தொங்குபாலம் இன்றும் நிற்கிறது. மக்களின் அச்சத்தைப் போக்க அவர் யானைகளைப் பாலத்தில் நடக்கவைத்து, தாம் குடும்பத்தோடு அடியில் படகில் போனார் என்று ஊரில் சொல்வார்கள். கதை எப்படியோ, பாலத்தின் அடிப்படை தெளிவானது. சங்கிலியில் இருப்பது ஏறக்குறைய முழுக்க இழுவிசை. கண்ணிகள் திரும்பிக்கொள்ளும்படி கோக்கப்பட்டிருப்பதால் வளைக்கும் விசை கணிசமாகச் சேர்வதில்லை. இதற்கு எதிர்ப்பக்கம் குஜராத்தின் மோர்பி. 2022 அக்டோபர் 30 அன்று அங்கே தொங்குபாலம் அறுந்து 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழு, முதன்மை வடத்தின் 49 கம்பிகளில் 22 துருவேறி, முன்பே அறுந்திருக்கக்கூடும் என்று கண்டது. பழைய தொங்குக் கம்பிகளோடு புதியவற்றைப் பற்றவைத்ததால் அவை அசைந்துகொடுக்கும் தன்மையை இழந்தன என்றும் சொன்னது. இழுவையை மட்டும் தாங்க வேண்டிய உறுப்பில் வளைவும் சேர்ந்துகொண்டால், வரைபடத்தில் இருக்கும் கணக்கு அந்தப் பாலத்துக்குப் பொருந்தாது.

உள்ளே நகர்வது எது

உலோகம் ஏன் நெகிழ்கிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. உலோகம் படிகங்களால் ஆனது, அணுக்கள் அடுக்கடுக்காக நிற்பவை. ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் முழுதாக ஒரே நேரத்தில் சறுக்க வேண்டுமானால் எவ்வளவு தகைவு தேவை என்று 1926இல் யாகவ் ஃபிரெங்கெல் கணக்கிட்டார். இரும்புக்கு அது பத்து கிகாபாஸ்கலைத் தாண்டும். சோதனைச்சாலையில் தூய படிகங்களோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விசையில் சறுக்கிவிட்டன. கணக்கும் கண்ணும் இவ்வளவு தூரம் விலகி நின்ற இடங்கள் இயற்பியலில் அதிகமில்லை.

1934இல் டெய்லர், ஒரோவான், போலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தார்கள். அடுக்கு முழுதும் ஒருசேர நகர்வதில்லை. படிகத்துக்குள் அணுவரிசை ஒன்று பாதியில் நின்றுபோன பிறழ்வுக் கோடுகள் இருக்கின்றன, நகர்வது அந்தக் கோடுதான். கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய பவானி ஜமக்காளத்தை ஒரே இழுப்பில் நகர்த்துவது கடினம். ஓரத்தில் ஒரு சுருக்கத்தை உண்டாக்கி அதை மறுமுனைவரை தள்ளிக்கொண்டு போனால் சிறுவன்கூட நகர்த்திவிடுவான். பிறழ்வின் வேலையும் இதுவே.

இதைப் புரிந்துகொண்டால் மற்றவை வரிசையாக விளங்கும். பிறழ்வுக்குத் தடை போட்டால் உலோகம் கடினமாகும். வேற்று அணுக்களைக் கலப்பது ஒரு தடை. படிக மணிகளைச் சிறிதாக்குவது இன்னொன்று. மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள எல்லைச்சுவரில் பிறழ்வு முட்டி நிற்கும். அடித்து வளைப்பதும் தடைதான், ஏனென்றால் பிறழ்வுகள் பெருகி ஒன்றையொன்று மறிக்கும். ஒரு செம்புக் கம்பியை இரண்டு மூன்று முறை வளைத்தால் அந்த இடம் விறைத்துப்போவது இதனால்தான். காய்ச்சி ஆறவிட்டால் பிறழ்வுகள் கலைந்து மறுபடி மென்மை வரும்.

தமிழ்நாட்டுக் கொல்லர்கள் பழைய லாரியின் பட்டை ஸ்பிரிங்கை வாங்கி அரிவாள் அடிப்பது எல்லோரும் அறிந்த வழக்கம். நூறு பங்கில் ஏறக்குறைய அரைப் பங்கு கரி கொண்ட எஃகு அது. பழுக்கக் காய்ச்சும்போது கரி இரும்புக்குள் கரைகிறது. அடித்து வடிவம் வந்தபின் வாய்ப்பகுதியைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கரியணுக்கள் வெளியேற நேரமில்லாமல் படிகத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ள, பிறழ்வுகள் அசைய முடியாமல் போகின்றன. கூர்மை நிற்கும், ஆனால் தட்டினால் தெறிக்கும். ஆகவே மறுபடி இளஞ்சூடு காட்டி, மேற்பரப்பில் ஓடும் வைக்கோல் நிறத்தையும் ஊதா நிறத்தையும் பார்த்துத் தோய்ச்சலை இறக்குகிறார்கள். எவ்வளவு தடை, எவ்வளவு நெகிழ்வு என்ற பேரத்தைக் கண்ணால் முடிக்கும் கலை அது. உலோகவியல் நூல்கள் இதை வரைபடங்களில் எழுதிவைத்தது மிகவும் பிற்பாடு.

பிறழ்வே நகராத உலோகம் எப்படி இருக்கும்? ஆறன்முளைக்குப் போனால் கையில் எடுத்துப் பார்க்கலாம். அங்கே வார்க்கும் கண்ணாடி செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. வெள்ளீயம் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. விகிதம் குடும்ப ரகசியம் என்றாலும், ஷாரதா ஸ்ரீநிவாசன் போன்ற ஆய்வாளர்கள் அதன் நுண்கட்டமைப்பை ஆராய்ந்து, டெல்டா எனப்படும் சேர்மம் அதில் மேலோங்கியிருப்பதைக் காட்டினார்கள். டெல்டாவின் படிக அமைப்பு மிகச் சிக்கலானது. பிறழ்வுகள் அதில் ஓட வழியில்லை. அதனால்தான் அந்தப் பரப்பு கீறலின்றி மெருகேறி முகத்தைக் காட்டுகிறது. கீழே விழுந்தால் சிதறுவதும் அதனாலேயே.

மலைக்கு அந்தப்புறம் ஆதிச்சநல்லூரில் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் சிலவற்றில் வெள்ளீயம் நாலில் ஒரு பங்கை நெருங்குகிறது. இந்த அளவில் சாதாரணமாக ஆறினால் டெல்டா உருவாகி உடையும். ஆனால் சுமார் 600 முதல் 700 டிகிரி சூட்டில் பீட்டா என்ற வேறொரு நிலை இருக்கும், அது அடிக்க அடிக்க விரியக்கூடியது. சிவந்த சூட்டிலேயே தட்டிக் கிண்ணமாக்கி, உடனே தண்ணீரில் தோய்த்தால் பீட்டா அப்படியே நின்றுவிடும். எஃகைத் தோய்ப்பது கடினமாக்க. இந்த வெண்கலத்தைத் தோய்ப்பது நொறுங்காமல் காக்க. கொங்கு நாட்டின் பழைய ஊரான கொடுமணலில் உருக்கு செய்த கைகளும் இதே வகை அறிவு கொண்டவை. கரி மிகுந்த உருக்கை வெண்சூட்டில் அடித்தால் உதிர்ந்துவிடும், அடக்கமான சிவப்பில் அடிக்க வேண்டும். ஐரோப்பியக் கொல்லர்கள் இந்திய உருக்கை அடிக்கத் தெரியாமல் திணறியதற்கு இந்தச் சூட்டு வரம்பே காரணம். மைக்கேல் ஃபாரடே இந்திய உருக்கை ஆராய்ந்த காலத்தில் பிறழ்வு என்ற எண்ணமே பிறக்கவில்லை.

முறுக்கும் அழுத்தமும்

இழுவையைப் பற்றி நாம் அதிகம் படிக்கிறோம், முறுக்கத்தைப் பற்றிக் குறைவாக. ஆனால் பிறழ்வை நகர்த்துவது எப்போதும் சறுக்குத் தகைவுதான், இழுவைச் சோதனையிலும் கூட. கம்பியை நேராக இழுக்கும்போது அதற்குள் 45 பாகைச் சாய்வில்தான் சறுக்குத் தகைவு உச்சத்தில் இருக்கிறது. முறுக்கினால் இது திசை திரும்புகிறது: சறுக்கு உச்சம் தண்டுக்குக் குறுக்காக நிற்க, இழுவிசை உச்சம் 45 பாகைக்குப் போய்விடும். ஒரு சுண்ணக்கட்டியை இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள். அது திருகுச் சுருள்போலச் சாய்வாக உடையும், ஏனென்றால் நொறுங்கும் பொருளை வெல்வது இழுவிசை. நெகிழும் எஃகுத் தண்டு அதே முறுக்கில் கத்தியால் வெட்டியதுபோல் குறுக்கே சமமாக அறும், ஏனென்றால் அதை வெல்வது சறுக்கு. மலைச் சாலையில் அறுந்த ஒரு தண்டின் முகத்தைப் பார்த்தே, அது நெகிழ்ந்து அறுந்ததா, நொறுங்கி முறிந்ததா என்று அனுபவமுள்ள மெக்கானிக் சொல்லிவிடுவார்.

ஒரே நேரத்தில் பல திசைகளில் தகைவு இருந்தால்? இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் முதல் கட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2.8 மீட்டர் விட்டமுள்ள எஃகு உருளை. உள்ளே சுமார் 138 டன் திண்ம எரிபொருள். எரியும் வாயு சுவரை எல்லாப் பக்கமும் தள்ளுகிறது. மெல்லிய உருளையில் சுற்றுவட்டத் தகைவு நீளவாட்டுத் தகைவைப்போல் சரியாக இரண்டு மடங்கு. அதனால்தான் வெடிக்கும் குழாய்கள் நீளவாக்கில் பிளக்கின்றன. கணக்குக்காக உள்ளழுத்தம் 50 பார், சுவர் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுற்றுவட்டத் தகைவு 875 மெகாபாஸ்கல். கட்டடங்களில் பயன்படும் மெல்லெஃகின் நெகிழ் எல்லை 250தான். ஆகவே நிக்கல் 18 சதம், கூடவே கோபால்ட்டும் மாலிப்டினமும் கலந்த மாரேஜிங் எஃகு தேவைப்பட்டது. அதன் நெகிழ் எல்லை 1,700 மெகாபாஸ்கலைத் தொடும். கரி மிகக் குறைவு என்பதால் தோய்த்தபின்னும் மென்மையாக இருந்து உருட்டவும் பற்றவைக்கவும் இடம்தருகிறது. கடைசியில் சூட்டில் ஊறவைக்கும்போது உள்ளே நுண்துகள்கள் விளைந்து பிறழ்வுகளை மறிக்கின்றன. ஹைதராபாத்தின் மிதானி நிறுவனம் இதை இங்கேயே உருக்கத் தொடங்கியது இந்திய உலோகவியலின் பெரிய சாதனைகளில் ஒன்று என்பது என் கணிப்பு. ராக்கெட் புறப்படும் படத்தைப் பார்த்துக் கைதட்டுகிறோம். அந்த எஃகுச் சுவரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு.

இப்படிப் பலதிசைத் தகைவுகளைச் சேர்த்து ஓர் எல்லையாக்கும் விதிகள் இரண்டு. திரெஸ்கா 1860களில் சொன்னது, சறுக்குத் தகைவின் உச்சமே அளவுகோல் என்று. ஃபான் மீசஸ் 1913இல் வகுத்தது, வடிவத்தைக் குலைக்கும் ஆற்றலே அளவுகோல் என்று. மேலே சொன்ன உருளையில் மீசஸ் விதி, திரெஸ்கா விதியைவிட 15 சதம் கூடுதல் அழுத்தத்துக்கு இடம் தரும். பெரும்பாலான நெகிழும் உலோகங்களில் சோதனை மீசஸ் பக்கமே சாய்கிறது. எடையைக் கிராம் கிராமாகக் குறைக்கும் ராக்கெட்காரர்களுக்கு அந்த 15 சதம் பெரிய சொத்து.

எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் இரண்டு விதிகளின்படியும் உலோகம் நெகிழவே கூடாது. பெர்சி பிரிட்ஜ்மன் இதைச் சோதித்துக் காட்டினார். கூடவே, அந்த அழுத்தத்துக்குள் வைத்து இழுத்தால் நொறுங்கும் பொருள்கூட நீள்கிறது என்றும் கண்டார். கல்லாற்றின் பாறைகளில் இதற்குச் சாட்சி இருக்கிறது. தட்டினால் தெறிக்கும் அந்த வரிப்பாறைகளில் வரிகள் துணிபோல் மடிந்திருப்பதைக் காணலாம். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும் அந்தக் கல்லே நெகிழ்ந்து ஓடியிருக்கிறது.

அழுத்தம் வெளிப்பக்கம் மட்டும் இருக்கும்போது கதை மாறும். சென்னையின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் மத்ஸ்யா 6000 ஆழ்கடல் கலத்தில் மூன்று பேர் அமரும் டைட்டானியக் கோளம் 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் சுவரும் கொண்டது. 6,000 மீட்டர் ஆழத்தில் கடல் சுமார் 600 பார் அழுத்தும். கோளச் சுவரில் அமுக்கத் தகைவு 400 மெகாபாஸ்கல் அளவுக்கு வரும். டைட்டானியம் அதைத் தாங்கும். அச்சம் வேறிடத்தில்: கோளத்தின் வட்டம் சிறிது பிசகினாலும் சுவர் உள்வாங்கி மடியலாம். அமுக்கத்தில் பொருளின் பலத்தோடு வடிவமும் சேர்ந்தே தோல்வியைத் தீர்மானிக்கிறது. மெல்லிய தூண் வளைந்து விழும் கணக்கை ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். வெயிலில் ரயில் தண்டவாளம் பாம்புபோல் நெளிவதும் இதே கணக்கு. நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் விரிய இடமின்றி, சூடு 30 டிகிரி ஏறினால் 70 மெகாபாஸ்கலுக்கு மேல் அமுக்கம் கொள்கிறது. ஒரு மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் அது ஏறக்குறைய 55 டன் தள்ளுவிசை.

காலமும் சூடும்

பேருந்தின் பட்டை ஸ்பிரிங் ஒருநாளும் நெகிழ் எல்லையைத் தொடுவதில்லை. ஆனாலும் ஒருநாள் அறுகிறது. ரயில் அச்சுகளில் இதே புதிரைக் கண்ட ஆகஸ்ட் வோலர் 1850களிலிருந்து பல ஆண்டுகள் சோதனைகள் செய்து, அறுப்பது தகைவின் உச்சம் மட்டுமல்ல, அது எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதும்தான் என்று நிறுவினார். சோர்வு எனப்படும் இந்தத் தோல்வி பரப்பிலுள்ள ஒரு கீறலிலோ ஓட்டையின் விளிம்பிலோ தொடங்கும். பட்டைக் கட்டில் நடுப்போல்ட் ஓட்டை அப்படிப்பட்ட இடம். விரிசல் ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை மயிரிழையாக நகர்ந்து, மீதமுள்ள உலோகம் சுமை தாங்காத நாளில் படீரென்று அறும். அறுந்த முகத்தில் பழைய பகுதி வழவழப்பாக அலை வரிகளோடும், கடைசிப் பகுதி சொரசொரப்பாகவும் இருக்கும். நல்ல தயாரிப்பாளர்கள் பட்டையின் மேல் எஃகுக் குண்டுமணிகளை வேகமாக எறிந்து பரப்பில் நிரந்தர அமுக்கத்தைப் பதிக்கிறார்கள். அமுங்கிய பரப்பில் விரிசல் வாய்திறக்காது. எஃகுக்கு ஓர் எல்லைக்குக் கீழே சோர்வே வராது என்று சொல்லலாம். அலுமினியத்துக்கு அப்படி எல்லை கிடையாது. 1954இல் இரண்டு காமெட் பயணிகள் ஜெட் விமானங்கள் வானிலேயே பிளந்தபோது உலகம் இந்தப் பாடத்தை மிகுந்த விலைகொடுத்துக் கற்றது.

சூடு வந்தால் காலம் இன்னொரு முகம் காட்டும். நிலையான சுமையில், நெகிழ் எல்லைக்கு வெகு கீழேயே, உலோகம் மெல்ல மெல்ல நீண்டுகொண்டிருக்கும். இதை ஊர்வு என்பார்கள். உருகுநிலையில் ஏறக்குறைய பாதிச் சூடு, அதாவது தனிச்சுழி அளவில் பாதி, வந்துவிட்டால் ஊர்வை ஒதுக்க முடியாது. ஈயத்துக்கு நம் அறைச் சூடே அந்தப் பாதி. கல்பாக்கத்தின் வேக ஈனுலையில் சோடியம் வடிவமைப்பின்படி சுமார் 547 டிகிரியில் வெளிவரும். எஃகுக்கு அதுவும் பாதியை நெருங்கும் சூடு. நாற்பது ஆண்டு ஓட வேண்டிய குழாய் இவ்வளவுதான் ஊரும் என்று உறுதிசொல்ல, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் சோதனைத் துண்டுகள் ஆண்டுக்கணக்கில் எடை தொங்கி நிற்கின்றன. இந்த அறிவியலில் இதைவிடப் பொறுமை கேட்கும் வேலை எனக்குத் தெரியவில்லை.

குளிர் வேறு வகை. இரும்பின் படிக அமைப்பில் குளிர்ந்தால் பிறழ்வுகள் உறைந்துபோகின்றன. இரண்டாம் உலகப் போரில் பற்றவைத்துக் கட்டிய அமெரிக்கக் கப்பல்கள் சில குளிர்க்கடலில் இரண்டாகப் பிளந்தன. அலுமினியத்தின் படிகத்தில் இந்தச் சிக்கல் இல்லை, குளிரக் குளிரப் பலம் ஏறும். மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனை வைக்கும் தொட்டிகளுக்கு வலியமலைக்காரர்கள் அலுமினியக் கலவையைத் தேர்ந்ததன் காரணம் இதுவே.

ஆனால் அலுமினியம் என்பதும் ஒரே உலோகம் அல்ல. 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜிஎஸ்எல்வி டி5 ராக்கெட்டை ஏவுவதற்குச் சற்று முன், இரண்டாம் கட்டத்தின் எரிபொருள் தொட்டியில் கசிவு கண்டு ஏவுதல் நிறுத்தப்பட்டது. தொட்டி ஆஃப்னார் 7020 என்ற கலவையால் ஆனது. தகைவும் சூழலும் கைகோத்தால் காலப்போக்கில் விரிசல்விடும் இயல்பு அதற்கு உண்டு. சுமை அளவுக்கு மீறவில்லை, திரும்பத் திரும்ப ஏறி இறங்கவும் இல்லை. ராக்கெட் இன்னும் தரையிலேயே நின்றுகொண்டிருந்தது. 2219 என்ற வேறு கலவையில் செய்த தொட்டியோடு 2014 ஜனவரி 5 அன்று அதே ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது. கடல்காற்றில் நூறாண்டு நின்ற பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓய்வு கொடுத்து, 2025 ஏப்ரலில் புதிய பாலத்தைத் திறந்ததும் இந்தக் கேள்வியின் பெரிய வடிவம்தான்: சுமை, காலம், உப்பு மூன்றும் சேர்ந்து உலோகத்தை என்ன செய்யும்?

இன்னும் முடியாதவை

இவ்வளவு தெரிந்த பிறகும் ஒரு பிறழ்வின் நடத்தையிலிருந்து ஒரு பாலத்தின் நடத்தைவரை தடையின்றிக் கணக்கிட்டுப் போக முடியாது. இடையில் கோடிக்கணக்கான பிறழ்வுகள் ஒன்றோடொன்று பின்னும் ஒரு வெளி இருக்கிறது. அதில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பங்கு குறைவாக மதிக்கப்பட்டது. சில அலுமினியக் கலவைகளைச் சீராக இழுத்தாலும் அவை சீராக நீள்வதில்லை. விக்கி விக்கி, வரைபடத்தில் ரம்பப்பல்போல் ஏறி இறங்கும். கரைந்த வேற்றணுக்கள் பிறழ்வைப் பிடிப்பதும், பிறழ்வு பிய்த்துக்கொண்டு ஓடுவதும் மாறிமாறி நடப்பதே காரணம். 1982இல் கல்பாக்கத்திலிருந்து அனந்தகிருஷ்ணாவும் வல்சகுமாரும் இதற்கு ஒரு கணித மாதிரியைக் கொடுத்தார்கள். பின்னாளில் அந்த விக்கலுக்குள் ஒழுங்கின்மைக் கோட்பாட்டின் தடயங்களும் தெரிந்தன. பிற்காலத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநரான பிளாசிட் ரோட்ரிக்ஸ் 1984இல் இந்தத் துறை முழுவதையும் மதிப்பிட்டு எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஓர் உலோகத் துண்டை இழுக்கும் எளிய சோதனையிலிருந்து இவ்வளவு ஆழம் கிடைக்கும் என்பதைக் கல்லூரி மாணவர்கள் அறிய வேண்டும்.

இன்றைய கேள்வி அச்சிட்ட உலோகம். 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில், பிஎஸ்எல்வி நான்காம் கட்டத்துக்கான எஞ்சின் ஒன்று 665 விநாடிகள் தொடர்ந்து எரிந்தது. வலியமலையின் திரவ உந்துவிசை மையம் அதை லேசர் அச்சுமுறைக்காக மறுவடிவமைத்திருந்தது. உலோகப் பொடியை அடுக்கடுக்காக உருக்கிச் சேர்த்ததால் 14 உறுப்புகள் ஒரே துண்டாயின, 19 பற்றவைப்புகள் தேவையில்லாமல் போயின. ஆனால் அப்படி வளர்ந்த உலோகத்தின் படிக மணிகள் வளர்ந்த திசையில் நீண்டு நிற்கின்றன. அந்தத் திசையில் இழுத்தால் ஒரு பலம், குறுக்கே இழுத்தால் வேறொரு பலம். உருகாத பொடியும் நுண்துளைகளும் சோர்வு விரிசலுக்குத் தொடக்க இடங்கள். நூறாண்டாக வார்த்த உலோகத்திலும் அடித்த உலோகத்திலும் சேர்த்த அட்டவணைகளை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. இழுவை, முறுக்கம், சோர்வு, ஊர்வு என்று ஒவ்வொரு சோதனையையும் ஒவ்வொரு திசையிலும் மறுபடி முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறார்கள்.